சம்பளத்துக்குப் பெண் பார்த்தேன்

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் போவார்கள்; நான் மாதச் சம்பளத்துக்குப் பார்த்தேன். வீட்டு வாடகைக்காக முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய அக்கா தங்கைமார்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். தொண்ணூறுகளின் கடைசியில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த இன்டர்நெட் கல்யாண கம்பெனியில் எனக்குக் கிடைத்த வேலை அது.

விளம்பரம் வராத கம்பெனி

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினாலே எனக்கு வியர்க்கும். கைக்குழந்தையைச் சுங்கை வேயில் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பாஸ் என் படிப்பைக் கேட்கவே இல்லை. மவுஸைக் கையில் கொடுத்து, வந்திருக்கும் படங்களைத் திறந்து, கோணலாக இருந்தால் நேராக்கச் சொன்னார்.

விளம்பரம் கேட்டு அவர் ஏறி இறங்காத நகைக்கடை இல்லை. ஒருவரும் கொடுக்கவில்லை. "அதனால என்ன தங்கச்சி? பேரு பதியறது ஃப்ரீ, படம் போடறது ஃப்ரீ. யாரு பார்த்தாங்கன்னு தெரியணும்னா மட்டும் காசு. மனுசனால அதத்தான் தாங்க முடியாதுலா!"

பெயர் வெளியிட விரும்பாதவர்

ஒரு படத்தை யார் திறந்தாலும், படத்துக்குச் சொந்தக்காரருக்கு 'ஒருவர் உங்களைப் பார்த்திருக்கிறார்' என்று செய்தி போகும். கோணலை நேராக்க நான் திறந்தாலும் போகும். இது தெரியாமல் முதல் வாரமே கண்டபடி திறந்துவிட்டேன். ஆட்கள் காசு கட்ட ஓடிவந்தார்கள். கட்டினவர்களுக்கு என்ன வந்தது தெரியுமா? 'பெயர் வெளியிட விரும்பாதவர், கோலாலம்பூர்.'

திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே பாஸிடம் சொன்னேன். அவர் என்னைக் கும்பிடாத குறைதான். மறுநாளிலிருந்து நேராக இருக்கும் படத்தையும் திறக்க வேண்டும். அதுவே வேலை என்றாகிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கானில் லோரி ஓட்டுகிற ஒரு அண்ணன் பக்கத்து மேசை தேவிக்குப் போன் போட்டுக் கேட்டார்: "அக்கா, அந்தப் பேரு சொல்லாத பொண்ணு ரொம்பக் கூச்சப்படுதோ?"

நஷ்டம்

எங்கள் மூலமாகவே பார்த்து, பேசி, முடிவான ஒரு ஜோடி கல்யாணப் பத்திரிகையோடு லட்டும் கொண்டுவந்தது. தேவியும் நானும் பூரித்துப் போனோம். பாஸ் லட்டைத் தின்றுகொண்டே அவர்கள் படங்களை எடுக்கச் சொன்னார். "ஒரே நாள்ல ரெண்டு கஸ்டமர் போச்சு. எல்லாரும் இப்படிக் கட்டிக்கிட்டா நான் கடைய மூட வேண்டியதுதான்."

கேசரி

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு தேவிதான் போனில் செய்தி சொல்வாள். கிள்ளானில் சரசு ஆன்டி என்று ஒருவர். மகள் கமலா, முப்பதைத் தாண்டியவர், பெட்டாலிங் ஜெயாவில் பேக்டரி வேலை. "ஆன்டி, ஒங்க மகள ஒருத்தர் பார்த்திருக்காரு," என்றாள் தேவி. ஆன்டி அலறிவிட்டார்: "எப்பம்மா? நான் வீட்லதான இருந்தேன்!"

தேவி எவ்வளவோ விளக்கியும் அவருக்குப் பாதிதான் ஏறியது. பெண்ணைப் பார்த்தவர் அடுத்து வீட்டுக்கு வரத்தானே வேண்டும்? கமலாவின் பேக்டரி மெக்கானிக் ஒருவர் வீட்டில் பெண் கேட்டிருந்தார்களாம். ஆன்டி அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கேசரி கிண்டி, மகளுக்குப் புடவை கட்டி உட்கார வைத்தார். யாரும் வரவில்லை. தேவி மறுபடி மறுபடி போன் போட்டாள்; மறுபடி மறுபடி கேசரி. கடைசியில் மகளுக்கு லீவு போடச் சொல்லி, கையோடு அழைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். டப்பாவை என் மேசையில் வைத்தார். "வேலையா இருப்பாரு, பாவம். இதயாச்சும் பார்த்தவருகிட்ட குடுத்துரும்மா."

எண்ணிக்கை

ஆன்டி தேவியோடு பேசிக்கொண்டிருந்தார். கமலா அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. வழக்கம்போல அடுத்த படத்தைத் திறந்தேன். அது அவருடைய படம். கீழே 'பார்த்தவர்கள்' என்ற இடத்தில் எண் ஒன்று ஏறியது.

"மூடிட்டு மறுபடி திற," என்றது பின்னாலிருந்து குரல். திறந்தேன். இன்னொன்று ஏறியது.

சத்தம் போடுவார் என்று ஒடுங்கிப்போனேன். போடவில்லை. அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகத்தான் பேசினார். "மெக்கானிக்குக்குப் போன வாரம் வேற எடத்துல நிச்சயம் ஆயிருச்சு. இத்தன பேரு பார்த்திருக்காங்கன்னு அம்மா இன்னும் பெருமையா சொல்லிக்கிட்டு இருக்காங்க. இத்தன பேரும் நீதானா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் குனிந்து என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். முதல் தடவையாகப் படத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன்.

"நீயாச்சும் நல்லாப் பார்த்தியா தங்கச்சி?"

கமலா அக்காவைப் பார்த்த ஒரே மாப்பிள்ளை நான்தான் என்பதால், அந்தக் கேசரியும் கடைசியில் எனக்கே வந்து சேர்ந்தது.