பாட்டுக்காரியின் மூச்சு

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலய மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் துப்புரவு செய்துவந்தேன். அங்கே பியானோ வாசிக்க ஒரு ரஷ்யக்காரர் வருவார். நெடிய, கனத்த உருவம். பனிச்சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, சிவப்புக் கம்பளிக் காலுறையோடுதான் பெடலை மிதிப்பார். அவ்வளவு பெரிய கைகளிலிருந்து பனி விழுவது போல இசை வரும்.

வாசிப்பவையெல்லாம் அவருடைய நாட்டுக் கவிதைகளுக்கு மெட்டமைத்த பாட்டுகள். ஒரு பியானோவும் ஒரு குரலும் வேண்டும். குரல்தான் இல்லை. வாசிக்கும்போது திடீரென்று கைகளை அந்தரத்தில் நிறுத்தி, பக்கத்திலிருக்கும் வெற்றிடத்தைப் பார்ப்பார். பிறகு தொடர்வார்.

"உந்த மனிசனுக்கு வாசிப்பு மறந்துபோச்சுப் போலை, பிள்ளை" என்றார் என்னோடு வேலைசெய்த அன்ரி.

ஒருநாள் என் அரைகுறை ஆங்கிலத்தில் அவரிடமே காரணம் கேட்டேன்.

"அந்த இடத்தில் அவள் மூச்செடுப்பாள்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அந்த இடம் வந்தபோது, மொப்போடு நின்ற நான் என்னையறியாமல் மூச்சை இழுத்தேன். அவர் கைகள் அதோடு சேர்ந்து கட்டைகளில் இறங்கின. பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நல்லது. ஆனால் நீ அவசரப்படுகிறாய். அவள் ஆறுதலாக எடுப்பாள்."

இரண்டு வேலைக்கும் நடுவில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கனடாவில் ஆறுதலாக மூச்செடு என்று என்னிடம் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுக்காக நான் மூச்செடுத்தேன். அவள் எங்கேயாவது இன்னும் மூச்சு விடுகிறாளா என்று கேட்க மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.