ஏழாம் நம்பர் பனியன்

புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைப்பவர் அவர். எப்போதும் ஏழாம் நம்பர் போட்ட ஒரு வெளுத்த பனியனோடுதான் இருப்பார். இரண்டே வருஷம் லீக்கில் ஆடிய மீனவர் வாலிபால் டீமின் பனியன் அது. டீம் என்ன ஆயிற்று என்று ஒருநாள் கேட்டேன்.

“ஃபைனல் அன்னிக்குப் பாத்து வஞ்சிரம் கூட்டமா வந்துச்சு சார். அல்லாரும் கடலுக்குப் பூட்டானுங்க. நா மட்டும் கிரவுண்டுல நின்னுகினு இருந்தேன். ஆளு வர்லன்னு டீமையே தூக்கிட்டாங்க.”

“விட்டுட்டுப் போனவங்க மேல கோபமில்லையா?”

“அவனுங்களுக்குத்தான் சார் எம்மேல கோவம். மீனு வந்தப்போ கரையில நின்னவன்னு, அப்பால எவனும் என்ன போட்ல ஏத்தல.”

அப்போது பழைய டீம்காரர் ஒருவர் வந்து, “கேப்டன், ரெண்டு கூடை ஐஸ் போடு” என்றார். ஏழாம் நம்பர் பனியன்காரர் குனிந்து உடைத்தார்.

இன்றும் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடலுக்கு மட்டும் கூப்பிடுவதில்லை.