வீசுகிறவர் உயரம்

விரால் மீன் பிடிக்க உயிருள்ள பொடிமீனைத்தான் தூண்டிலில் மாட்ட வேண்டும். அந்தப் பொடிமீனைப் பிடிக்க இன்று சிவாஜி நகரில் வீச்சுவலை வாங்கப் போனேன். பழையது கிழிந்துவிட்டது.

“சின்னக் கண்ணு வலையா குடுங்க” என்றேன்.

“வீசறவங்க எவ்ளோ ஹைட் மேடம்? அதுக்கேத்த மாதிரிதான் எடுக்கணும்” என்றார் கடைக்காரர்.

“ஆறடி.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பெரிய வலை ஒன்றைக் கையில் போட்டார். ஈயக்குண்டுகளின் கனத்தில் என் தோள் இறங்கியது.

“உங்களால தூக்க முடியாது மேடம். சாரையே கூட்டினு வாங்க, ஒரு வாட்டி வீசிப் பாக்கட்டும்.”

சார், என் கணவர், ஈஸ்டருக்கு முன்னால் தவறிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் ஏரிக்குப் போவோம். வலையின் ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு அவர் வீசுவார். நான் வாளி பிடிப்பேன். இனி நானே வீசலாம் என்றுதான் கடைக்குப் போனேன். நான் ஐந்தடிகூட இல்லை.

“அவரு வேலைக்குப் போயிருக்காரு. இதையே குடுங்க” என்றேன்.

இப்போது அந்த வலை அவருடைய பைக்கில், பின்சீட்டில், நான் உட்காரும் இடத்தில் கிடக்கிறது.

ஆறடி உயரத்தில் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். வாளி பிடிக்க ஆள் இருக்கிறது.