பில்லில் இருந்த ஊர்

நான் ஒரு பெண்ணின் கடையை மூடவைத்தேன். இணையத்தில் இருந்த கடை. பதினோரு நாள் மூடிக் கிடந்தது. செய்தது நான்தான் என்பது இப்போது அவருக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும், காலையில் நாங்கள் நாலைந்து பேர் கூடும் டீக்கடையிலும் தெரியும். ஆகவே எழுதுவதற்கு வெட்கப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொருள்களைச் சோதிக்கும் கூடமொன்றில் முப்பத்தோரு வருடம் வேதியியலாளனாக இருந்தேன். ஊரிலுள்ள சிறு பட்டறைகள் கொண்டுவரும் ஃப்யூஸ் கட்டை, விளக்கு, பொம்மை, கப் எல்லாவற்றையும் சூடாக்கி, உடைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடைபார்த்து அறிக்கை எழுதவேண்டும். குறைகளைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பளபளப்புப் பூச்சில், அதாவது கிளேஸில், ஊசித் துளை, வெடிப்பு, திட்டுத் திட்டான நிறம் என்று எழுதி எழுதி, நம் ஊர்க்காரர்களுக்கு நயமான வேலை வராது என்ற முடிவுக்கு நான் என்றைக்கோ வந்துவிட்டிருந்தேன். அதை ஒரு அபிப்பிராயம் என்றுகூட நினைக்கவில்லை. சோதனையில் தெரிந்த உண்மை என்றே நினைத்திருந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு இணையத்தில் பொருள் வாங்கப் பழகினேன். கோயம்புத்தூர் கிரைண்டர் என்று ஒன்று வாங்கி, மோட்டார் நின்றதும் விற்றவரைத் தேடினால், முகவரி டெல்லியில் ஒரு மாடி அறையாக இருந்தது. அந்தக் கோபத்தில் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். பக்கத்தில் எழுதியிருக்கும் ஊரை நம்பக்கூடாது. விற்பவரின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் முகவரி இருக்கும். பொருள் வந்தபின் பில்லில் ஜி.எஸ்.டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் மாநிலம் தெரிந்துவிடும். தமிழ்நாடு என்றால் 33. வேறு எண் என்றால் வேறு மாநிலம்.

டீக்கடையில் எல்லோரும் தங்கள் போனை என்னிடம் நீட்டத் தொடங்கினார்கள். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் என்னை லேபு சார் என்றுதான் கூப்பிடுவார்.

"லேபு சார், இந்த பெட்ஷீட்டு கரூரா, இல்ல கரூருன்னு பேரு வச்ச ஆளா? பாருங்க."

"24. குஜராத்."

"அடப்பாவி! படத்துல நம்மூரு வேட்டிய கட்டிக்கிட்டு நிக்கறான்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஓய்வுபெற்றபிறகு யாரும் என்னிடம் எதையும் சோதிக்கக் கொடுக்கவில்லையே.

சென்ற ஆண்டு, கார்த்திகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, என் மனைவி ஆறு கப்புகள் வரவழைத்தாள். மயில்கழுத்து நிறத்தில் கிளேஸ். வெளிச்சத்தில் திருப்பினால் நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடியது. ஒரு ஊசித் துளை இல்லை.

"நம்மூர்ல செஞ்சதாம். பாருங்க, எவ்ளோ அழகா இருக்குது."

நான் கப்பைப் பார்க்கவில்லை. பில்லை எடுத்தேன். எண் 06 என்று தொடங்கியது. ஹரியானா. முகவரியும் அங்கேதான், நெடுஞ்சாலை ஓரத்தில் ஏதோ ஒரு மனை எண்.

"நம்மூராவது! எவனோ வடக்கத்திக்காரன் நம்மூரு பேரைப் போட்டு விக்கறான்."

அவள் ஒரு கப்பைக் கவிழ்த்து, அடியில் கிளேஸ் படாமல் விட்டிருந்த வளையத்தை விரலால் தடவினாள். "இது நம்ம மண்ணு மாதிரிதாங்க இருக்குது."

"பில்லு பொய் சொல்லாது" என்றேன்.

அன்று மாலையே உட்கார்ந்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு விமர்சனம் எழுதினேன். ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தேன். பில்லைப் படமெடுத்துச் சேர்த்தேன். விற்பவர் ஊரைப் பற்றிப் பொய் சொல்கிறார் என்று தனியாகப் புகாரும் அனுப்பினேன். விமர்சனத்தின் கடைசியில் இப்படி ஒரு வாக்கியம்: இந்தத் தரத்தில் கிளேஸ் செய்யக்கூடிய பட்டறை விருத்தாசலத்தில் ஒன்றுகூட இல்லை, முப்பத்தோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன். விமர்சனத்தில் மற்றதெல்லாம் வெறும் தகவல் பிழை. இந்த வாக்கியம் மட்டும் என் மனதிலிருந்து வந்தது. இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

மறுநாள் டீக்கடையில் தமிழில் சொல்லிக் காட்டினேன். கார்டு கைதட்டினார். "ஊரு மானத்த காப்பாத்திட்டீங்க, லேபு சார்."

ஒரு வாரம் கழித்து, கழுவும்போது ஒரு கப் குழாயில் பட்டு உடைந்தது. சில்லுகளைப் பொறுக்கக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடைந்த விளிம்பில் பழுத்த தந்த நிறம். அதில் கடுகில் கால்பங்கு அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள், இரும்பு. இந்த ஊரைச் சுற்றி வெட்டி எடுக்கும் களிமண்ணில் அந்தப் புள்ளிகளை நான் ஆயிரம் தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். கையில் பொருள் இருந்தும் நான் சோதித்தது காகிதத்தை.

"கையில குத்திடுச்சா?" என்று மனைவி ஓடிவந்தாள்.

"இல்ல. நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

இணையத்தில் தேடினால் அந்தக் கடை மூடியிருந்தது. எல்லாப் பொருளிலும் 'தற்போது கிடைக்காது' என்று இருந்தது. மறுநாள் தொழிற்பேட்டைக்குப் போய், மயில்கழுத்துக் கப் செய்பவர் யார் என்று கேட்டேன். மூன்றாவது ஷெட்டைக் காட்டினார்கள்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். அவரோடு இன்னும் ஐந்து பெண்கள். சுவர் ஓரம் கூரைவரைக்கும் கார்த்திகை விளக்குகள் அடுக்கியிருந்தன. நான் பொருள் வாங்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

"இங்கியே எடுத்துக்கோங்க சார். நெட்டுல கடை நின்னு போச்சு. எவனோ ஒரு ஆளு, நான் ஹரியானாக்காரின்னு எழுதி வச்சிட்டான். ஹரியானா எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது சார்."

"பில்லில் அப்படி வருமா?" என்று தெரியாதவன்போல் கேட்டேன்.

"வரும் சார். டெல்லிப் பக்கந்தான் தீபாவளிக்கு விளக்கு நெறைய வாங்குறாங்க. அவங்களுக்கு ரெண்டு நாள்ல போய்ச் சேரணும்னு, நெட்டுல விக்கற கம்பெனியோட குடோன் அங்க இருக்குது, அதுல சரக்க வச்சிருக்கோம். அங்க சரக்கு வைக்க அந்த ஊரு ஜி.எஸ்.டி நம்பரு வேணும்னு ஆடிட்டரு எடுத்துக் குடுத்தாரு. சில சமயம் நம்மூர்ல ஆர்டர் போட்டாலும் அங்கேந்து வந்துடுது. என்னை விட என் கப்பு நெறைய ஊரு பாக்குது சார்."

இந்த வாரத்துக்குள் சரக்கு விருத்தாசலத்தில்தான் தயாராகிறது என்று நிரூபிக்கவேண்டும், இல்லையென்றால் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுவார்களாம். வருடம் முழுவதும் செய்த விளக்கில் பாதி அந்தக் குடோனில் கிடக்கிறது, தீபாவளியும் கார்த்திகையும் போனால் அதை யார் வாங்குவார்கள் என்றார். நான் இரண்டு விளக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லவில்லை. அன்றே விமர்சனத்தை அழித்தேன். கடை திறக்கவில்லை. புகார் வேறொரு பிரிவுக்குப் போயிருந்தது.

இரண்டு நாள் போனது. மனைவி கேட்டாள்: "சொல்லிட்டீங்களா?"

"விமர்சனத்தை எடுத்துட்டேன்."

"அத கேக்கல." செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஷெட்டில் அந்தப் பெண் விளக்குகளின் அடிப்பாகத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். எழுதியவன் நான், புகார் கொடுத்தவனும் நான், மண்ணைப் பார்க்காமல் பில்லைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த விளக்கைத் துடைத்து முடித்தார். அடுத்த விளக்கையும் எடுத்துத் துடைத்தார்.

"அந்த இங்கிலீசு நீங்க எழுதுனதா சார்? எங்க ஆடிட்டரே ரெண்டு வார்த்தைக்குப் போன்ல அர்த்தம் பாத்தாரு."

பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை.

"ஹரியானான்னு எழுதுனதுகூடப் பரவால்ல சார். கடைசில ஒண்ணு எழுதுனீங்களே, நம்மூர்ல யாராலயும் முடியாதுன்னு. அதப் படிச்சிட்டு அழுதேன். எட்டு மாசம் சார் அந்தக் கலருக்கு. எத்தன உலை வீணாப் போச்சு." ஸ்பாஞ்சைப் பிழிந்தார். "அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அவ்ளோ நல்லா இருக்குதுன்னுதான அதுக்கு அர்த்தம்?"

உலைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். என் விமர்சனத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார். கடைசி வாக்கியத்துக்கு அடியில் சிவப்பு மையில் கோடு.

என் மனைவிதான், "எப்ப நிரூபிக்கணும்? இவர உக்கார வச்சு எழுதி வாங்குங்க" என்றாள்.

அன்று மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தேன். ஷெட்டின் கரண்ட் பில், வாடகைப் பத்திரம், 33 என்று தொடங்கும் அவருடைய சொந்த எண், எரிந்துகொண்டிருந்த உலை என்று எல்லாவற்றையும் படமெடுத்தோம். பையில் கொண்டுபோயிருந்த உடைந்த சில்லை, அங்கே சுட்டு வைத்திருந்த மண் துண்டின் பக்கத்தில் வைத்து ஒரு படம். புகார் கொடுத்தவன் நானே, என் முடிவு தவறு, காரணம் இன்னது என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம். என் வாழ்நாளில் நான் எழுதிய அறிக்கைகளில், குறை என்ற இடத்தில் என் பெயர் வந்தது அது ஒன்றில்தான்.

கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு கடை திறந்தது. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் விளக்கு போய்ச் சேர்ந்தது. எல்லாம் அல்ல, பெரும்பகுதி. விழுந்த ஸ்டார்கள் மெதுவாகத்தான் ஏறுகின்றன.

டீக்கடையில் கார்டு இன்னும் விடவில்லை. "லேபு சார், இந்த டீ எந்த மாநிலம்? கிளாஸுக்கு அடில பாத்துச் சொல்லுங்க." இப்போதும் போனை நீட்டுகிறார்கள். பில் எங்கே போட்டது என்று மட்டும் சொல்கிறேன். மிச்சத்தை விற்பவரிடமே கேளுங்கள் என்கிறேன்.

அப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் எழுதும் வேலையை அந்தப் பெண் எனக்கே கொடுத்திருக்கிறார். போன வாரம் நாக்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: பக்கத்தில் விருத்தாசலம், பில்லில் ஹரியானா, நீங்கள் உண்மையில் எந்த ஊர்? எழுத உட்கார்ந்ததும் ஷெட்டிலிருந்து அந்தப் பெண்ணின் போன் வந்தது.

"அவருக்கு என்ன சார் எழுதப் போறீங்க?"

"ஊர் விருத்தாசலம், குடோன் ஹரியானா. கப்பைக் கவிழ்த்து வளையத்தில் பழுப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இந்தப் பக்கம் ரயிலில் வந்தால் ஜங்ஷனில் இறங்கி உலையையே வந்து பார்க்கலாம்."

"நல்லா இருக்குது. டீ உண்டுன்னு சேத்துக்கோங்க. சின்னச் சின்ன வார்த்தையா போடுங்க சார், ஆடிட்டரு ஊர்ல இல்ல."