கேம்ப்பிலிருந்து வந்த ரேசர்

1. கத்தி போய் மிஷின் வந்தது

அந்த ரேசரைக் கையில் வாங்கிய அன்றே எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. கொடுத்த டாக்டர் மேலும் வரவில்லை.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் ஆர்டர்லி, அதாவது உதவியாள். அறுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் கீறப் போகிற இடத்தில் முடி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். 'பார்ட்ஸ் பிரிப்பரேஷன்' என்போம். அதற்கென்று கோவிந்தன் என்ற சவரக்காரர் வந்துபோவார். கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு உட்கார்ந்தால் பேஷண்ட்டுக்குத் தெரியாமலே வேலை முடிந்திருக்கும். எழுபதுகளில் அவர் நெய்வேலியில் சொந்தமாக சலூன் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, அதிகம் பேசமாட்டார். மேஜையில் ஒரு சேஃப்டி ரேசரை வைத்து, இனிமேல் பிரிப்பரேஷன் உன் வேலை என்றார். ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் கேம்ப்புக்காக வந்த சாமான்களில் மிச்சம் அது. கேம்ப் முடிந்ததும் பஞ்சு, எனாமல் தட்டுகளோடு எங்கள் ஸ்டோருக்கு வந்திருந்தது.

என்னை மட்டம் தட்டத்தான் இந்த வேலையைக் கொடுக்கிறாரோ என்று நினைத்தேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஊரில் தெரிந்தால் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள் என்ற பயம்.

ரேசரே சந்தேகத்துக்கு இடமானதாகத்தான் இருந்தது. கத்தியில் அலகு கண்ணெதிரே தெரியும். இதில் பிளேடு இரண்டு தகட்டுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கூர். எந்தப் பக்கம் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. அடுத்தவன் உடம்பில் வைப்பதற்கு முன்னால் என் மேலேயே போட்டுப் பார்ப்போம் என்று தியேட்டர் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்றேன். சோப்பு நுரையைத் தடவி, கத்தி பிடிக்கிற மாதிரி அழுத்தி இழுத்தேன். எந்த வலியும் இல்லை. நன்றாகத்தான் வருகிறது என்று முகத்தைக் கழுவினால் தண்ணீர் சிவப்பாகப் போகிறது. தாடைக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெட்டு. வெட்டினால் வலிக்க வேண்டும், அப்போதுதான் கையை எடுப்போம். இது வெட்டுவதைச் சொல்லாமலே வெட்டுகிறது.

சிஸ்டர் மேரி எங்கள் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றிவிட்டு, அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தினமும் என் கெண்டைக்காலில் பழகினேன். தப்பு இரண்டு இடத்தில். கைப்பிடித் திருகைக் கடைசி வரை முடுக்காததால் பிளேடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைவிடப் பெரிய தப்பு, அழுத்தியது. ரேசருக்கு அதன் கனமே போதும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, ரேசரின் தலையைக் கொஞ்சம் சாய்த்து, அதன் போக்கில் விட வேண்டும். கெண்டைக்கால் இரண்டும் வழுவழு என்று ஆனபோது கை பழகியிருந்தது. ஆனாலும் மனதில் அதை ஒரு கடிக்கிற பிராணி மாதிரிதான் வைத்திருந்தேன்.

2. கலியமூர்த்தியும் அஞ்சலையும்

கலியமூர்த்தி கம்மாபுரம் பக்கத்து ஆள். எங்கள் ஊர் பீங்கான் பட்டறை ஒன்றில் சூளைக்கு ஏற்றுகிற வேலை. கப்பு, சாசர், பொம்மைகளை மண்பெட்டிகளில் அடுக்கித்தான் வேக வைப்பார்கள். அந்தப் பெட்டிகளைத் தூக்கிச் சூளைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் இறங்கின குடல் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டது. வாந்தியோடு கொண்டுவந்தார்கள். கூட அவன் மனைவி அஞ்சலையும் அண்ணனும்.

டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஆபரேஷன் என்றார். தள்ளிப்போட்டால் குடல் அழுகிவிடும், பிறகு ஆள் தங்கமாட்டான்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு திரை மறைப்புக்குள் போனேன். அஞ்சலை ரேசரைப் பார்த்தாள். அவளுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது.

"இது கேம்ப்புல வச்சிருந்த மிஷின்தானுங்களே?"

அவள் பக்கத்து வீட்டுக்காரர் கேம்ப்புக்குப் போய் வந்து எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். எங்கே சிரைத்தார்கள், எதால் சிரைத்தார்கள் என்பது உள்பட. இல்லை, இது வேறே என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் ரேசரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், அங்கே இருந்து வந்ததுதான் என்றேன்.

அவள் போர்வையை இழுத்து அவன் இடுப்பு வரைக்கும் மூடினாள்.

"எங்களுக்கு இன்னும் புள்ள இல்லீங்க. நாங்க வூட்டுக்குப் போயிடறோம்."

அண்ணன்காரர் வண்டி பார்க்கக் கிளம்பிவிட்டார். நல்லூரில் ஒருவர் எண்ணெய் போட்டுத் தடவியே குடலை ஏற்றிவிடுவாராம். கலியமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். அவனைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கருத்தடைக்கு ஆள் கூட்டி வரச்சொல்லி எங்கும் நெருக்கடி. இந்த டாக்டரும் ஆள் போதவில்லை என்று எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். குடலுக்காகக் கீறும்போதே அதையும் சேர்த்து முடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்தப் பெண்ணுக்கு வந்த சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவளிடம் போய், பயப்படாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

நேராக டாக்டர் அறைக்குப் போனேன். கேட்டால் மாற்றல் போட்டு எங்காவது தூக்கி அடிப்பார் என்று தெரியும். கேட்டேன்.

"சார், குடல் ஆபரேஷன் மட்டும்தானே? வேற ஒண்ணும் இல்லையே?"

அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"தியேட்டர்ல என்கூட நிக்கற உனக்கே சந்தேகம் வருதுன்னா, அந்தம்மாவுக்கு வராதா? அவங்களையும் உள்ள கூட்டிட்டு வா. கவுன், மாஸ்க் போட்டு தலைமாட்டுல நிக்க வை. நான் பண்றத முழுக்கப் பார்க்கட்டும்."

சிஸ்டர் மேரி கூடாது என்றார். மயக்கம் போட்டு விழுந்தால் யார் பார்ப்பது என்றார். விழுந்தால் தூக்கிக்கொள்ளலாம் என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

நான் போய்ச் சொன்னதும் அஞ்சலை உடனே நம்பிவிடவில்லை. முதலில் அந்த மிஷினை என் கையில் போட்டுக் காட்டச் சொன்னாள். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை எடுத்துக் காட்டினேன். பிளேடை மாற்றச் சொன்னாள். அந்தப் பிளேடைக் கழற்றிவிட்டு, மெழுகுத்தாள் சுற்றிய புதுசை அவள் எதிரிலேயே பிரித்தேன். ரேசரைப் பிரித்து, தகடு, மூடி, கைப்பிடி என்று தனித்தனியாக அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான்மா என்றேன். வண்டியோடு வந்த அண்ணன்காரரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டாள்.

ரேசரைக் கொதிக்க வைத்து எடுத்து வந்து, கலியமூர்த்திக்குப் பிரிப்பரேஷன் செய்தேன். வீங்கின இடத்தில் தோல் விறைத்து மினுமினு என்று இருந்தது. லேசாகப் பட்டாலும் கத்துகிறான். ஒரு கீறல் விழுந்தாலும் அவள் எழுந்து போய்விடுவாள், அவன் போய்ச் சேர்ந்துவிடுவான். என் சர்வீஸில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

முதுகுத்தண்டில் ஊசி போட்டதால் அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் தலைமாட்டில் முக்காலி மேல் நின்று, மறைப்புத் துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முதல் கீறல் விழுந்தபோதும் அவள் கண்ணை எடுக்கவில்லை. மாட்டியிருந்த குடல் வெளியே வந்தபோது கறுத்துப் போயிருந்தது. டாக்டர் வெந்நீர் சலைனில் நனைத்த துணியை அதன்மேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். துணியை எடுத்துப் பார்ப்பார், மறுபடி வைப்பார். கொஞ்சம் கொஞ்சமாக அது சிவந்தது. சிவந்ததை எங்களுக்கு முன்னால் அவள்தான் பார்த்தாள்.

தையலுக்கு முன்னால் டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"வேற எங்கயும் கை வைக்கலம்மா. நல்லா பார்த்துக்கங்க."

பார்த்தேங்க என்றாள்.

3. சட்டையைப் பிடித்தார்கள்

இரண்டு வருஷம் போயிற்று. அவர்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. ஒரு நாள் காலையில் ஓ.பி. வரிசை நிற்கும்போது கலியமூர்த்தியின் அண்ணன் ஐந்தாறு பேரோடு வந்தார். நேராக வந்து என் சட்டையைப் பிடித்தார். அந்த மிஷினை வைத்து என் தம்பியை என்ன செய்தாய் என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் நம்பினார்கள். நான் ஆஸ்பத்திரி ஆள், என்ன சொன்னாலும் எடுபடாது.

அஞ்சலை அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்திருந்தாள், கலியமூர்த்தியும் கூட. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சத்தம் போடவில்லை.

"மாமா, கையை எடுங்க. நான் தலைமாட்டுல நின்னு முழுக்கப் பார்த்தன். கொடலைத் தவிர அவங்க எதையும் தொடல. புள்ள இல்லன்னா அது எங்க ரெண்டு பேரு உடம்புல இருக்கற கொறை. அதைப் பார்க்கத்தான் இப்ப வந்திருக்கறோம்."

பிடி தளர்ந்தது. சுற்றி நின்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் வரிசைக்குத் திரும்பினார்கள். அவள் சீட்டு வாங்கிக்கொண்டு புருஷனோடு லேடி டாக்டர் அறை முன்னால் போய் உட்கார்ந்தாள். பல மாதம் வைத்தியத்துக்கு வந்து போனார்கள். பிறகு பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேஷண்ட் உங்கள்மேல் சந்தேகப்பட்டால் ரோஷப்படாதீர்கள். கேட்கிறதற்குப் பதில் சொல்லுங்கள், பார்க்கணும் என்றால் காட்டுங்கள். அன்று அந்த டாக்டர் அஞ்சலையைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தால், ஓ.பி. வாசலில் எனக்காகப் பேச ஒருத்தர்கூட இருந்திருக்கமாட்டார்கள்.