வண்டிகளுக்கு முந்திப் போன கடிதம்

என் மாமா ஒரு பத்திரிகை நிருபர். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காமலே சொல்லித் திரிந்தவள் நான். உம்மாவின் மூத்த சகோதரரான அவர் மன்னார் உப்புக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தனியாகக் குடியிருந்தார். பஜாரில் புடைவைக்கடை வைத்திருந்தார். ஆனால் கடையைப் பற்றி யாராவது விசாரித்தால் அவருடைய முகம் வாடிவிடும். கொழும்பில் அச்சாகிற தமிழ்ப் பத்திரிகைக்கு மன்னார்ச் செய்தி எழுதுகிறவர் என்றுதான் உலகம் தன்னை அறியவேண்டும் என்பது அவருடைய ஆசை. உலகம் அறிந்ததோ இல்லையோ, மன்னார்த் தீவு நன்றாகவே அறிந்திருந்தது.

அவர் எழுதியது கடைசிப் பக்கத்தின் அடியில், 'மன்னார்' என்ற தலைப்பின்கீழ் நாலைந்து வரியாக வரும். தண்டவாளத்தில் படுத்திருந்த மாடு ரயிலில் அடிபட்டது, வங்காலைக் கரைவலையில் பெருமீன் பட்டது, அரசாங்க ஏஜண்டு துரை ஆஸ்பத்திரியைப் பார்வையிட்டுப் போனது, இப்படியான சங்கதிகள். இங்கிலாந்து ராசாவுக்குச் சுகமில்லை என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் கிடந்தாலும், எங்கள் ஊரில் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் திறப்பார்கள். ஆண்கள் கடையில் வாசித்து முடித்ததும் அது எங்கள் வீட்டு உள்ளறைக்கு வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருப்பார்கள். நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் சத்தமாக வாசிப்பேன். அவர்கள் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்பார்கள். பிடித்த இடத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மாமாவுக்கும் ஒரு கண்டம் வந்தது. ஒரு மாரியில், கட்டுக்கரைக் குளம் நிறைந்து, மிகைத் தண்ணீர் வழியும் வான் பாய்கிறது என்று எழுதிவிட்டார். சந்தைக்கு நெல் கொண்டுவந்த ஒருவர் சொன்னதை அப்படியே நம்பி எழுதியது. பத்திரிகையைப் பார்த்துவிட்டு ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வான் பார்க்கப் போனார்கள். குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. பெருநிலத்து வயற்காரர்கள் பலர் கையெழுத்து வைத்துப் பத்திரிகை ஆசிரியருக்கு முறைப்பாடு எழுதினார்கள். இன்னொரு பொய்ச் செய்தி வந்தால் வேறு நிருபரைத் தேட வேண்டிவரும் என்று ஆசிரியர் மாமாவுக்கு எழுதினார். அதை ஓர் உறையில் வைத்தாவது அனுப்பியிருக்கலாம். தபால் அட்டையில் எழுதி அனுப்பிவிட்டார். தபால்காரர் எங்கள் தெருவுக்கு வந்துசேர முன்னமே ஊர் அதை மனப்பாடம் செய்திருந்தது.

அந்த வேறு நிருபர் யார் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். மாமாவின் செய்தி வந்தால் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து பிழை பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. வான் பாயாத குளத்தை அவர் மாதக்கணக்காக விடவில்லை. மாமா கடைக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு, குளத்தில் இப்போது எவ்வளவு தண்ணீர் என்று அக்கறையாக விசாரிப்பார். மாமா குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார்.

இப்படி இருக்கையில்தான் தேர்தல் வந்தது. கொழும்பில் கூடும் சபைக்கு ஆள் அனுப்பப் பெண்களும் வாக்குப் போடலாம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் சட்டம் செய்த பிறகு எங்கள் ஊரில் நடந்த முதல் தேர்தல் அது. இலங்கை முழுவதும் அதே பேச்சு. எங்கள் உள்ளறையிலும் அதைப் பற்றிய செய்திகளைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் பெண்கள் வாக்குப் போடப் போகக்கூடாது என்று எந்த ஆணும் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த நாளில் எங்கள் பெண்கள் வெளியே போவதென்றால் கல்யாண வீட்டுக்கும் சாவு விழுந்த மௌத்து வீட்டுக்கும்தான். அதுவும் சேலைத் திரை கட்டிய கூடாரவண்டியில். புதிய காரியம் ஒன்றுக்கு எந்த வீட்டு வண்டி முதலில் புறப்படுகிறதோ அந்த வீடு ஊர்வாயில் விழும். அதனால் ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேர்தல் நாளும் விடிந்தது. ஒரு வண்டியும் அசையவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. எனக்கு அன்று விடுமுறை. விடியவே அங்கே போன மாமா, பதினொரு மணிபோல வியர்த்து வழிய எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தார். ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்களாம். பெண் என்று பேருக்கு ஒருவர்கூட வரவில்லையாம். தபால் பையைப் பன்னிரண்டு மணிக்குக் கட்டிவிடுவார்கள். வாக்குப் போடுவது முடிய ஐந்து மணியாகும். அதுவரை காத்திருந்தால் கடிதம் அடுத்த நாள் ரயிலில்தான் போகும். மற்ற ஊர்களின் தேர்தல் செய்தியெல்லாம் வந்து மன்னார் மட்டும் வராது. மாமா தாளை எடுத்தார். மன்னாரில் பெண்கள் வாக்களிக்க முன்வரவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கொழும்பிலும் இதை வாசிக்கப் போகிறார்களே என்று அவருக்கு உண்மையாகவே வலித்தது.

அறைவாசலில் நின்ற உம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். அண்ணனை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"வந்தாங்கள் எண்டே எழுதுங்கோ, நானா. அஞ்சு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு. வராமலா இருக்கப் போறாங்கள்?"

தங்கைக்கு உலகம் தெரியாது என்பது மாமாவின் நெடுநாள் கருத்து. ஆனாலும் இந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. கல்யாணச் செய்திகளை நிக்காஹ் நடக்க முந்தியே எழுதி அனுப்பிப் பழகியவர் அவர். மாப்பிள்ளை வராமல் விட்டதாக ஒருதரமும் நடக்கவில்லை. புதுத் தாள் எடுத்தார். முஸ்லிம் பெண்களும் கத்தோலிக்கப் பெண்களும் காலை முதலே கூடாரவண்டிகளில் திரளாக வந்து, ஒரே வரிசையில் நின்று வாக்களித்தார்கள் என்று எழுதினார். எனக்கு வாசித்தும் காட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே ஓடிப்போய் அந்த வண்டிகளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில்தான் மாமா அதைக் கண்டார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் முக்காலி போட்டு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். மடியில் கொப்பி, கையில் பென்சில். காலையிலிருந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணிக் குறித்துக்கொண்டிருக்கிறார்; உள்ளே நெரிசலில் நின்ற மாமா அதைக் காணவில்லை. மாமா வந்த வழியே தபால் கந்தோருக்கு ஓடினார். கடிதத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கெஞ்சினார். பெட்டிக்குள் விழுந்த கடிதம் ராசாவின் சொத்து, அதைத் தொட ஏலாது என்று தபால் அதிபர் கையை விரித்துவிட்டார்.

அவர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்து அதே கதிரையில் உட்கார்ந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாத்தியார் இன்றைக்கே ஆசிரியருக்கு எழுதுவார் என்றார். இனித் தான் வெறும் புடைவைக்காரன் என்றார். புடைவைக்காரரின் மருமகளாகப் பள்ளிக்கூடம் போவதை நினைத்து நானும் விம்மினேன்.

உம்மா மட்டும் பதறவில்லை. என் முகத்தைத் துடைத்துவிட்டு, தெருவில் உள்ள மற்ற ஏழு வீட்டுக்கும் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வரச்சொன்னார்.

"மாமா எழுதிப் போட்டார், கடிதம் போயிட்டுது, இனி எடுக்க ஏலாது எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத."

ஓடினேன். பகல் சோற்றுக்கு ஆண்கள் வீடு வந்திருந்த நேரம். பெண்கள் என் மாமாவை நினைத்து உச்சுக்கொட்டினார்கள். ஆண்கள் வாசல்வழியே பக்கத்து வீட்டு வண்டியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஏழு வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: பாவம், அந்த மனுசனின் மானம் போகக்கூடாது, பெண்கள் போகத்தான் வேண்டும், ஆனால் எங்கள் வண்டி முதலில் போகாது, இரண்டாவதாகப் போகும். திரும்பி வந்தால் எங்கள் வாப்பாவும் சோற்றைப் பிசைந்துகொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆக எட்டு வண்டி. எட்டும் இரண்டாவது வண்டி. எனக்கு இது எப்படிச் சரிவரும் என்று தெரியவில்லை.

உம்மா பின்வேலிக்குப் போய்ப் பக்கத்து வளவு வேதக்கார மாமியைக் கூப்பிட்டார். அவர் கத்தோலிக்கர். கோயிலில் எல்லாரும் சேர்ந்து பாடும்போதும் அவருடைய குரல் தனியாகக் கேட்கும் என்பார்கள். உம்மா இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கவில்லை.

"நான் முன்னுக்குப் போறன். நீங்கள் எல்லாரும் பின்னால வாங்கோ," என்றார் அவர்.

வேதக்கார மாமி முதல் வண்டியில் தன் ஆட்களோடு புறப்பட்டார். எங்கள் வண்டிகள் எட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. எங்கள் தெருவில் எந்த வீடும் முதலாவதாகப் போகவில்லை. கல்யாணத்துக்குப் போவதென்றால் விடிந்ததிலிருந்து உடுத்தி வெளிக்கிட்டும் பொழுதுபடுகிறவரை வெளிக்கிட்டு முடியாத பெண்கள், அன்று நான் செய்தி சொல்லிவிட்டுத் திரும்பும்போதே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். மாமாவின்மேல் அவர்களுக்கு எவ்வளவு அன்பு என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

வேப்பமரத்தடியில் வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். வண்டிகள் பள்ளிக்கூட வாசலில் நின்றன. இரண்டு பக்கமும் சேலை பிடித்து மறைக்க, பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள். அங்கே ஒரு புதுச் சிக்கல். பட்டியலில் பெண்களை இன்னாரின் மனைவி என்றுதான் பதிந்திருந்தார்கள். மேசையில் இருந்த வெளியூர் உத்தியோகத்தர் முதலில் வந்த வேதக்கார மாமியிடம் புருஷனின் பெயரைக் கேட்டார். கோயிலே அதிரப் பாடுகிற அந்த மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அடுத்தவரும் அப்படியே. கட்டியவனின் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை, எந்த மார்க்கத்திலும் இல்லை. இத்தனை பெண்களுக்கும் புருஷன் பெயர் மறந்துபோயிற்றா என்று அந்த மனிதர் திகைத்துப் பார்த்தார்.

உம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டு, இவள் சொல்லுவாள் என்றார். உத்தியோகத்தர் என்னை பிள்ளைகள் உட்காரும் ஒரு வாங்கில் ஏறி நிற்கச் சொன்னார். தெருவில் விளையாடித் திரிந்ததில் எனக்கு எல்லார் பெயரும் தெரியும். வேதக்கார மாமி தன் ஆட்களின் புருஷன்மார் பெயர்களை, தன்னுடையதைத் தவிர, என் காதில் ஓதினார். அதை மட்டும் வேறொருத்தி ஓதினாள். ஊரில் தாடி வைத்த, தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர்களின் பெயர்களையெல்லாம் ஒன்பது வயதில் மரியாதை அடைமொழி ஒன்றும் இல்லாமல் உரக்கச் சொன்னேன். அந்த அளவு பெருமை எனக்கு அதற்குப் பிறகு எதிலும் கிடைத்ததில்லை.

கடைசியாக உம்மா வந்தார். நான் வாப்பாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். உம்மா என் தோளில் கையை வைத்து அழுத்தினார். பிறகு, வாப்பாவின் பெயரை அவருடைய தகப்பன் பெயரோடு சேர்த்துத் தானே சொன்னார். வாக்குப் போட்டு முடித்து நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முன்னும் சரி பின்னும் சரி, அந்தப் பெயரை உம்மாவின் வாயால் நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. உம்மா சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுவிட்டு வந்தார். எந்த நிறப் பெட்டியில் போட்டாய் என்று வாப்பா மௌத்தாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அது ரகசியம் எண்டு கந்தோர்க்காரர் சொன்னவர் என்ற பதிலைத்தான் அவரும் கடைசிவரை கேட்டார்.

மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. மாமா எழுதியது ஒரு எழுத்துக் குறையாமல் அச்சாகியிருந்தது. உள்ளறையில் அதை நான் ஐந்து தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம் வாசிக்கும்போது பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். வாத்தியார் தேடித் தேடிப் பார்த்து, காலை முதலே என்பது பிழை, பின்னேரம்தான் வந்தார்கள் என்று ஆசிரியருக்கு எழுதினாராம். ஆசிரியர் அவருக்கு ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை. மாமா குடையை நிமிர்த்திப் பிடித்து நடந்தார். தன்னுடைய பேனாவுக்கு ஊரே கட்டுப்பட்டதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். நானும் சொன்னேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் இதை மாமாவின் கதையாகத்தான் சொல்லிவந்தேன்.

வயதான காலத்தில் உம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாக, தேர்தலுக்கு முதல் நாளே எட்டு வீட்டுப் பெண்களும் தலைமுழுகி, உடுக்கிற சேலையை மடித்து எடுத்துவைத்துவிட்டார்கள் என்றார். வேதக்கார மாமி தன் வண்டிக்காரனுக்கும் சொல்லிவைத்திருந்தாராம். போங்கள் என்ற சொல்லை ஆண்கள் வாயிலிருந்து வரவைப்பதற்குத்தான் வழி தேடிக்கொண்டிருந்தார்களாம். நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தேன். அவர் வேறு கதைக்குப் போய்விட்டார்.

மாமாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் உம்மா அன்று அத்தனை வண்டிகளையும் புறப்பட வைத்தார் என்று ஒன்பது வயதில் நம்பியிருந்தேன். அந்த மானத்தைக் கொண்டுபோய் ஆபத்தில் வைத்தவரும் உம்மாதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. மாமாவுக்கு அது என்றைக்குமே விளங்கவில்லை.