அப்பா படம் எடுத்துக்கொள்ளாத நாள்

லொடக் லொடக் என்று செம்மண் பாதையில் உருண்டுபோன அப்பாவின் சைக்கிள் சத்தம் இன்றும் என் முதுகெலும்பில் இருக்கிறது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் டயர் கிடைக்காமல், சக்கரத்தைச் சுற்றிப் பழைய கயிற்றை முறுக்கிக் கட்டியிருந்தார் அப்பா. ரப்பர் மரங்களுக்கு நடுவிலேயே குடியிருந்துகொண்டு ரப்பர் டயருக்கு அலைந்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். முன்கம்பியில் நான், பின்னால் கேரியரில் வயிற்றுப்பிள்ளையோடு அம்மா, நடுவில் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு அப்பா. கெடா மாநிலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கு அப்படித்தான் போனோம்.

முந்தின நாள்தான் பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி சயாமில் ரயில் பாதை போடப் போகிறவர்களின் பெயர்களை வாசித்திருந்தார். அதில் அப்பா பெயரும் இருந்தது. மூன்று மாத வேலைதான், முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்றார் கிராணி. வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "நாளன்னிக்கு லோரி வருது. நாளைக்கு பட்டணம் போயி எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்துட்டு வந்துருவோம்லா. புள்ள ஆசப்படுது" என்றார். நான் எதற்கும் ஆசைப்பட்டிருக்கவில்லை. ஆசை யாருடையது என்று புரியும் வயதும் எனக்கில்லை.

அப்பா கூட்டிப்போகும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்றவே மாட்டார். முதலில் ரயில் நிலையம். அங்கே சாமான் நிறுக்கும் பெரிய தராசில் என்னை ஏற்றிவிட்டு, "மூட்ட கொறஞ்சிருக்கே, யாரு திருடித் தின்னது?" என்று அம்மாவை முறைப்பார். அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய் நின்றான். அப்பா இடுப்பை வளைத்துக் கும்பிட்டார், என் தலையையும் அமுக்கிக் குனியவைத்தார். தராசு பக்கம் போகாமலே திரும்பினோம். அடுத்தது, துருவிய ஐஸை உருட்டிச் சிவப்புச் சர்க்கரைப்பாகு ஊற்றித் தரும் முஸ்லிம் மாமாக் கடை. ஐஸும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மாமா மட்டும் இருந்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கை என் கையில் வைத்து, "இதான் இப்ப ஐஸு, ஊதித் தின்னு" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மூன்றாவது மணிக்கூண்டு. அதன் கீழே நின்று தன் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, கடிகாரம் கட்டியவர்போல் "சரியா இருக்கு" என்று தலையாட்டுவது அப்பாவின் வழக்கம். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அந்தக் கூண்டிலும் தோக்கியோ நேரம்தான் ஓடியது. அப்பா மேலே பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். "அவனோடது தப்பு. என்னோடதுதான் சரி" என்று அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

வரிசை அத்தோடு முடியவேண்டும். அன்று அப்பா சைக்கிளை ஒரு சீனர் படக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கடை முதலாளியான தௌக்கேயிடம் கொஞ்சம் பிலிம் மிச்சம் இருந்தது. எடுக்கலாம் என்று மலாயில் "போலே, போலே" சொல்லிக் கையசைத்து எங்களை உள்ளே கூப்பிட்டார். அம்மா படியிலேயே நின்றுவிட்டாள்.

எங்கள் தோட்டத்தில் படம் எடுப்பது என்றால் சாவு வீடு என்று அர்த்தம். செத்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சுற்றிலும் சொந்தபந்தம் நிற்க, பட்டணத்துக்காரர் வந்து ஒரே ஒரு படம் எடுப்பார். தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்து வீட்டுக்குள் போனாலும் சுவரில் அப்படி ஒன்று தொங்கும். உயிரோடு இருப்பவர் படத்தை எங்கள் ஆட்கள் யாரும் மாட்டியதில்லை.

"உசுரோட இருக்குற மனுசனுக்கு எதுக்குங்க படம்? வாங்க போலாம்" என்றாள் அம்மா.

"பொறக்கப்போற புள்ளைக்கு எம்மூஞ்சி தெரிய வேணாமா?"

"மூணு மாசந்தானே? வந்து நீங்களே காட்டுங்க."

"சரி, நானே காட்டுறேன்" என்று அப்பா படியிறங்கினார். தௌக்கே விளங்காமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. புருஷன் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மறுநாள் லாரி வந்தது, அப்பா போனார். சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அப்பா ஆற்றோரத்துக் கூடாரத்தில் காய்ச்சலோடு கிடந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அந்தக் கூடாரத்தில் அப்பா இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். உடம்பு வராததால் சாவு வீடும் இல்லை, சாவு வீடு இல்லாததால் படமும் இல்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்குள் பிறந்திருந்த தம்பி, பேச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "அப்பா எப்படிக்கா இருப்பாரு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று போகவர வழியெல்லாம் நான் முன்கம்பியில் முன்பக்கம் பார்த்துத்தானே உட்கார்ந்திருந்தேன்! ஹேண்டில் பாரைப் பிடித்திருந்த கைகள், பால் வெட்டும் கத்தியால் காய்த்துப்போன விரல்கள், கடிகாரமில்லாத மணிக்கட்டு, பிடரிக்குப் பின்னால் ஒரு குரல். அந்தச் சின்ன வயதிலிருந்து இவ்வளவுதான் என்னிடம் தங்கியிருந்தது. முகத்தை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய துக்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

போன மாதம் தம்பியின் காரில் அதே வரிசைப்படி சுங்கை பட்டாணியைச் சுற்றினோம். ரயில் நிலையம் புதிதாகிவிட்டது, தராசு இருந்த இடமே தெரியவில்லை. மாமாக் கடை இருந்த வரிசையில் வங்கி வந்துவிட்டது. படக்கடையில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள், வாசலில் பிள்ளைகள் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மணிக்கூண்டு மட்டும் அங்கேயே நின்று சரியான நேரம் காட்டுகிறது. தம்பி அதன் கீழே நெடுநேரம் நின்றான். வெயில் ஏறுகிறது வாடா என்று நான்தான் இழுத்துவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி, அம்மா இறந்த அன்று எடுத்த படத்தை அலமாரியிலிருந்து எடுத்தான். "படம் புடிக்கிறப்ப எந்தலமாட்டுல ஒராளு நிக்கிற எடம் விட்டுருங்க" என்று அவள் முன்பே சொல்லிவைத்திருந்தாள். படக்காரர் நெருங்கி நிற்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், நாங்கள் யாரும் நகரவில்லை. தம்பி அந்தப் படத்தை எப்போது கையில் எடுத்தாலும் முதலில் அந்தக் காலி இடத்தைத்தான் பார்ப்பான். அன்றும் அப்படித்தான் பார்த்தான்.